கட்டைவிரலும் கைநாட்டும்

மணப்பந்தல். மாலையும் கழுத்துமாக மணமகன் அமர்ந்திருக்கிறான். சுற்றமும் நட்பும் சூழ்ந்திருக்கின்றன. கிழவர் ஒருவர் வருகிறார். கைக்கோலை ஊன்றி நின்று, இவன் எனக்கு அடிமை என்கிறார். பந்தல் திகைக்கிறது. சான்று எங்கே என்று கேட்கிறார்கள். ஓலையைக் காட்டுகிறார். மணமகனின் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை! தானும் தன் வழியில் வருவோரும் அந்தக் கிழவர்க்கு அடிமைத் தொழில் செய்வதாக எழுதப்பட்ட ஓலை!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், சுந்தரர் வரலாற்றில் வரும் காட்சி இது. கிழவராக வந்தவர் சிவனே என்று முடிகிறது கதை. நம்புவோர் நம்பட்டும். நாம் காண வேண்டியது கடவுளையன்று. அந்த வழக்கை விசாரித்த திருவெண்ணெய்நல்லூர் அவையை.

அவையினர் வழக்கு முறை அறிந்தவர்கள். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்றார்கள். மூல ஓலை வந்தது. பாட்டன் எழுதிய வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டார்கள். எழுத்து ஒத்தது. தீர்ந்தது வழக்கு. பேரன் அடிமை!

எழுத்து ஒத்ததா என்று பார்த்தவர்கள், எழுதியவன் உள்ளம் இசைந்ததா என்று பார்க்கவில்லை. பாட்டன் எழுதினால் பேரன் எப்படிக் கட்டுப்படுவான் என்று கேட்கவில்லை. மனிதன் மனிதனுக்கு அடிமை என்று எழுதித்தர இடமுண்டா என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. மணமகனாவது கேட்டானா? அந்தணன் வேறோர் அந்தணனுக்கு அடிமையாவதுண்டா என்றுதான் அவனும் வியந்தான். பிறப்பைக் காட்டி மறுத்தானேயன்றி, மனிதன் என்பதைக் காட்டி மறுத்தானில்லை!

அந்த அவை கேட்க மறந்த கேள்விகளே ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. கொடுத்த வாக்கு ஏன் கட்டுப்படுத்துகிறது? எந்த வாக்கு கட்டுப்படுத்தும்? எது கட்டுப்படுத்தாது? இவை வழக்கறிஞர்க்கு மட்டும் உரிய கேள்விகளல்ல. கடன் வாங்குகிறவன், கூலிக்குப் போகிறவன், வாடகைக்குக் குடியேறுகிறவன், மாலை மாற்றிக் கொள்கிறவன் ஆகிய ஒவ்வொருவரின் வாழ்வும் இவற்றின் விடையில் தங்கியிருக்கிறது.

வாக்கு ஏன் கட்டுப்படுத்துகிறது? ஆண்டவன் தண்டிப்பான் என்பதால் என்றார்கள் பழையோர். ஆகவே கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். கற்பூரம் அணைந்தபின் கண்ணியமும் அணைந்துபோன கதைகளை நாடறியும். அரசன் தண்டிப்பான் என்பதால் என்றார் வேறு சிலர். அப்படியானால், அரசன் காணாத இடத்தில் வாக்கு வெறுங்காற்றா?

பகுத்தறிவு தரும் விடை எளியது. நான் சொன்ன சொல்லை நம்பி மற்றொருவன் தன் வாழ்வின் ஒரு பகுதியை என் கையில் வைக்கிறான். அறுவடையில் திருப்பித் தருவேன் என்ற சொல்லை நம்பி விதைநெல்லைத் தருகிறான். மாதம் முடிந்தால் கூலி தருவேன் என்ற சொல்லை நம்பி முப்பது நாள் உழைப்பைத் தருகிறான். போன நாளைத் திருப்பித்தர எவனாலும் இயலாது. அந்த நம்பிக்கையைப் பொய்ப்பிப்பது அவன் வாழ்விலிருந்து ஒரு பகுதியைத் திருடுவதாகும். நிறைவேற்றும் எண்ணமின்றி வாக்குக் கொடுப்பவன் மற்றவனை மனிதனாக மதிக்காமல் வெறும் கருவியாக்குகிறான் என்று 1785-இல் காண்ட் என்னும் செர்மானிய அறிஞர் விளக்கினார். வாக்கைக் காப்பது வானத்திலிருந்து விழுந்த கட்டளையன்று. ஒருவரையொருவர் நம்பாமல் வாழ முடியாத மனிதர்கள் தங்கள் நன்மைக்காக வகுத்துக்கொண்ட வழக்கம் என்று அவருக்கு முன்பே ஹியூம் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் எழுதினார். இருவர் வழியும் வேறு. ஆயினும் இருவரும் வாக்கின் வேரை மனிதரிடையேதான் தேடினார்கள்.

சீர்திருத்தம் நாடுவோர் ஒப்பந்தம் என்ற கருத்தை வரவேற்க வேண்டியதற்குப் பெரும் காரணம் ஒன்றுண்டு. பிறப்பால் வரும் கடமை என்பது வருணத்தின் மொழி. நீ இன்னவன் மகன். ஆகவே இன்ன தொழில் செய். இன்னவனுக்குப் பணி செய்! ஒப்பந்தமோ, நீ எதற்கு இசைந்தாய் என்று கேட்கிறது. யார் மகன் என்று கேட்பதில்லை. முன்னேறும் சமுதாயங்கள் பிறப்பு நிலையிலிருந்து ஒப்பந்தத்தை நோக்கி நடந்திருக்கின்றன என்று 1861-இல் ஹென்றி மெயின் எழுதினார். அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு வந்து, வைசிராய் அவையில் சட்ட உறுப்பினராக அமர்ந்தவர் அவர்.

சுயமரியாதைத் திருமணத்தின் உட்பொருளும் இதுவேயன்றோ? 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவர்க்கும் விளங்கும் மொழியில், இவரை வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் அறிவித்தால், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் போதும் என்றது அந்தப் பிரிவு. இருவர்க்கும் விளங்கும் மொழி! இதைச் சிறு சொல் என்று எண்ணிவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இசைவுக்கு இலக்கணம் சொல்லும்போது, ஒரே பொருளை ஒரே கருத்தில் இருவரும் ஏற்பதுதான் இசைவு என்கிறது. பொருள் விளங்காத மந்திரத்தைப் புரோகிதர் சொல்ல, மணமக்கள் தலையசைத்தால் அங்கே இசைவு எங்கே இருக்கிறது? தம் வாயால், தம் மொழியில் சொன்ன சொல்லன்றோ வாக்கு!

இவ்வளவு உயர்ந்த கருத்து, ஏழையின் கழுத்தில் கயிறானது எப்படி? அதுதான் வரலாற்றின் கொடுமை.

1843-இல் கும்பெனி அரசு அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு கிடையாதென்று சட்டம் செய்தது. அடிமை ஓலை செல்லாது. அதற்கு மாறாக முன்பணம் வந்தது. 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை முடிக்காமல் விட்டால் நீதிபதி அவனை வேலைக்குத் திரும்பும்படி ஆணையிடலாம் என்றது. பணியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறையிலிடலாம் என்றது. வணிகன் வாக்குத் தவறினால் இழப்பீடு. கூலிக்காரன் வாக்குத் தவறினால் சிறை! கூலி தராத முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் சிறை உண்டா? இல்லை. 66 ஆண்டுகள் ஏட்டில் இருந்து, 1925-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

அதே 1859-ஆம் ஆண்டில், இலண்டனில் ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது. சுதந்திரத்தையே துறக்கும் உரிமையைச் சுதந்திரம் தராது என்று அதில் வாதிட்டார். மில் யார்? 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கும்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர்! அங்கே நூல், இங்கே சிறை. இரண்டுக்கும் ஒரே ஆண்டு!

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைச் சுமந்து டர்பன் துறைமுகம் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள் ஒப்பந்தத்தில் வைத்த கட்டைவிரல் ரேகை அவர்களை ஐந்தாண்டுக் காலம் தோட்டத்தோடு பிணைத்தது. வேலையை விட்டு நீங்கினால் குற்றம். அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறினால் குற்றம். காலம் முடிந்தபின்னாவது விடுதலை உண்டா? மீண்டும் ஒப்பந்தம் செய்யாமலும் நாடு திரும்பாமலும் அங்கே தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டுமென்று 1895-இல் நேட்டால் அரசு சட்டம் செய்தது. சங்கிலியைக் கழற்றுவது போல் காட்டி, சாவியைத் தன் மடியில் முடிந்துகொண்டது!

அவன்தானே விரலை வைத்தான் என்பார்கள். வைத்தவன் அவன்தான். வைக்காமலிருக்க அவனால் முடிந்ததா?

ஹியூம் 1748-இல் ஓர் உவமை சொன்னார். உறங்குகிறவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். விழித்துப் பார்த்தால் நாற்புறமும் கடல். குதித்தால் சாவு. கப்பலில் இருக்கிறானே, ஆகவே கப்பல் தலைவனின் ஆட்சிக்கு அவன் இசைந்துவிட்டான் என்று சொல்லலாமா என்று கேட்டார் ஹியூம். ஆட்சிக்கு மக்கள் இசைவு தந்துவிட்டார்கள் என்போரை மறுக்க அவர் சொன்ன உவமை அது. நூறாண்டு கழித்து நம் கடற்கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டவர்களுக்கு அது எப்படிப் பொருந்துகிறது! கடலுக்கு மாறாக அவர்களைச் சூழ்ந்திருந்தது பசி.

மறுக்க முடியாதவனின் இசைவு இசைவாகாது. இந்தக் கட்டுரை சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இந்த உண்மையைச் சட்டம் அறியாமலில்லை. பாதி அறிந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டுச் சட்டம், வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, வஞ்சகம், பொய்யுரை, பிழை ஆகியவற்றால் பெறாத இசைவே தடையற்ற இசைவு என்கிறது. இவற்றுள் தகாத செல்வாக்கு என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். ஒருவனது உள்ளத்தை ஆளும் நிலையில் இருப்பவன், அந்த நிலையைக் கொண்டு நேர்மையற்ற ஆதாயம் பெற்றால், அந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவன் தள்ளிவிடலாம்.

துரோணனிடம் ஏகலைவன் கொடுத்த காணிக்கையை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். அவன் அழவில்லை, மறுக்கவில்லை, மகிழ்ந்தே கட்டைவிரலை வெட்டிக் கொடுத்தான் என்று அதையே பெருமையாகப் பாடுகிறார்கள். மகிழ்ந்து கொடுத்தான் என்பதே குற்றத்தின் ஆழத்தைக் காட்டுகிறது! கற்றுத்தர மறுத்தவன், குரு என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு சீடனின் உள்ளத்தை எவ்வளவு ஆண்டிருந்தால் அவன் தன் வில்வித்தையையே வெட்டி வைத்துவிட்டுச் சிரித்திருப்பான்? சிரித்த முகம் இசைவுக்குச் சான்றாகாது. அன்று கட்டைவிரல், பின்னர் அதன் ரேகை!

அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, 1899-இல் திருத்தி எழுதப்பட்ட வடிவில், இரண்டு எடுத்துக்காட்டுகளை அடுத்தடுத்துத் தருகிறது. ஊர் வட்டிக்காரனிடம் ஏற்கெனவே கடன்பட்டவன், மீண்டும் அவனிடமே கொடிய நிபந்தனைகளுக்குக் கடன் வாங்குகிறான். அந்த ஒப்பந்தம் தகாத செல்வாக்கால் வந்ததன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வட்டிக்காரனுடையது என்கிறது சட்டம். நன்று. அடுத்த எடுத்துக்காட்டு: பணமுடை நிலவும் காலத்தில் ஒருவன் வங்கியரிடம் கடன் கேட்கிறான். வழக்கத்துக்கு மிஞ்சிய வட்டி தந்தாலன்றிக் கடனில்லை என்கிறார் அவர். இவன் வாங்குகிறான். இது சாதாரண வாணிகம். செல்வாக்கு ஏதுமில்லை என்கிறது சட்டம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒன்றில் ஓர் ஆள் இவனை ஆள்கிறான். மற்றதில் நிலைமை ஆள்கிறது. ஆளின் அடக்குமுறையைச் சட்டத்தின் கண் காண்கிறது. நிலைமையின் அடக்குமுறையைக் காண மறுக்கிறது. கத்தியைக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் செல்லாது. வயிற்றைக் காட்டி வாங்கினால் செல்லும்!

இங்கே ஒரு தடை எழும். சட்டம் கற்ற நண்பர் ஒருவர் கேட்கக்கூடும்: "பசியால் செய்த ஒப்பந்தமெல்லாம் செல்லாதென்றால், ஏழை எந்த ஒப்பந்தமும் செய்ய முடியாதே! அவன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தால் யார் கடன் தருவார்? யார் வேலை தருவார்? சிறுவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஏழைகளையும் சிறுவராக்கப் போகிறீர்களா? அது இரக்கமா, இழிவா?"

நேர்மையான கேள்வி. நழுவிச் செல்லக்கூடாது. ஏழையின் சொல்லைப் பறிப்பது சீர்திருத்தமன்று. சொல்லுக்கு உரியவன் என்பதில்தான் மனிதனின் மானம் இருக்கிறது. ஆகவே ஏழையின் வாயைக் கட்ட வேண்டா; வலியவனின் கையைக் கட்டுவோம். ஏழை பேரம் பேசட்டும். ஆனால் இன்ன அளவுக்குக் கீழே பேரமே கிடையாது என்று தரை ஒன்றை அமைப்போம். தனியாக நின்று பேசுகிறவன் குரல் மெலிந்தால், கூடி நின்று பேச வழி செய்வோம்.

கூடி நின்று பேசுவதற்குக் கூட ஒப்பந்தத்தின் பெயரால் தடை வந்த வரலாறு நம் சென்னையிலேயே உண்டு. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் பாடுபட்டார்கள். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் போராட்டம் மூண்டபோது, தொழிலாளர் எங்களோடு செய்த ஒப்பந்தத்தை முறிக்கும்படி இவர்கள் தூண்டுகிறார்கள் என்று நிறுவனம் உயர்நீதிமன்றம் சென்றது. நீதிமன்றமும் தடையாணை விதித்தது. ஆயிரமாயிரம் தொழிலாளர் தனித்தனியே மறுக்க முடியாமல் ஏற்ற ஒப்பந்தம் புனிதம். அவர்கள் கூடி மறுத்தால் குற்றம்! அந்த வழக்கு எழுப்பிய கொந்தளிப்பின் விளைவாகவே 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்து, பதிவுபெற்ற சங்கங்களுக்கு அத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தந்தது.

தரை அமைக்கும் பணியும் மெல்ல நடந்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடனையே அழித்தது. இது கொத்தடிமைக் கடனன்று என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் தந்தவன் தலையில் வைத்தது. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் எழுப்பிய தொழிலாளர் வழக்கில், நீதிபதி பகவதி தலைமையில் உச்ச நீதிமன்றம் ஓர் அரிய உண்மையைச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் உழைத்தால், பசியும் வறுமையும் அவனை அதற்குள் தள்ளியிருக்கின்றன. அதுவும் அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. வயிற்றைக் காட்டிப் பெற்ற இசைவைச் சட்டத்தின் கண் ஒருவழியாகக் கண்டது! 1986-இல், மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கில், காரணம் காட்டாமலே மூன்று மாத அறிவிப்பில் ஊழியரை நீக்கலாம் என்ற விதியை அதே நீதிமன்றம் தள்ளியது. பேரம் பேசும் வலிமையில் மலையும் மடுவுமாய் இருப்போரிடையே, எளியவன் வேறு வழியின்றி ஏற்கும் நேர்மையற்ற நிபந்தனை பொதுநன்மைக்கு மாறானது; ஆகவே செல்லாது என்றது.

ஏட்டிலே வந்ததெல்லாம் நாட்டிலே வந்துவிட்டதா? கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் மொத்தமாகத் தொகை; அதைக்கொண்டு வரதட்சணை கொடுக்கலாம் என்று ஏழைப் பெண்களை அழைத்தார்கள். உடல் நலிந்து இடையில் நின்றவளுக்கு அந்தத் தொகை கிட்டாமற்போனதும் உண்டு. வரதட்சணை என்னும் சமூகக் கொடுமை அவளை ஆலைக்குத் தள்ளியது. ஒப்பந்தம் என்னும் சொல் அவளை அங்கே பூட்டியது. இன்றோ கைப்பேசித் திரையில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் ஓடுகின்றன. வீடு வீடாக உணவு கொண்டு செல்லும் இளைஞன் படித்தானா? படித்தாலும் ஒரு சொல்லை மாற்ற முடியுமா? இசைகிறேன் என்ற இடத்தில் கட்டைவிரலால் தொடுகிறான். மையும் காகிதமும் போயின. விரல் மட்டும் அதே விரல்!

இதையெல்லாம் கேட்டு, ஒப்பந்தம் என்பதே பணக்காரர் சூழ்ச்சி. கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டால் என்ன என்று இளைஞர் எவரேனும் எண்ணுவாராயின், அவர் இந்தக் கட்டுரையைத் தவறாகப் படித்தவராவார். மறுக்க முடியாதவனின் வாக்கு அவனைக் கட்டாது என்றால், மறுக்க முடிந்தும் கொடுத்த வாக்கு இரு மடங்கு கட்டுப்படுத்தும் என்பதே அதன் பொருள். நண்பனிடம் வாங்கிய கடன், மன்றத்துக்கு எழுதிக் கொடுத்த நன்கொடை, வேலைக்கு வைத்தவருக்குச் சொன்ன கூலி, மாலை மாற்றியபோது துணைவிக்குச் சொன்ன சொல், இவையெல்லாம் நம்மை யாரும் கழுத்தில் கைவைத்துச் சொல்ல வைத்தவை அல்ல. கடவுளுக்கு அஞ்சி வாக்கைக் காப்பவனைவிட, கடவுளை ஏற்காதவன் கூடுதலாகக் காக்க வேண்டும். ஏனெனில் அவன் வாக்குக்குப் பிணை நிற்பது அவன் மானம் ஒன்றே.

தோழர்களே, எந்த ஏடு உங்கள் முன் நீட்டப்பட்டாலும், நீங்களே எந்த ஏட்டைப் பிறர் முன் நீட்டினாலும், மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் பொருள் இருவர்க்கும் விளங்கியிருக்கிறதா? வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவன் மறுநாளும் வாழ்ந்திருப்பானா? கையெழுத்திடாத பிறர் வாழ்வை, பேரன் வாழ்வை, மனைவி வாழ்வை, இது பணயம் வைக்கிறதா?

திருவெண்ணெய்நல்லூர் அவை எழுத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டது. நாம் அமரும் அவையில் எழுதியவனையும் பார்ப்போம்.